மரத்த காலுக்கு ஒரு சோடி பூட்ஸ்

தங்கச்சிக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நோர்வேயில் டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். மறுநாள் காலை எனக்கு விமானம். இத்தாலியின் பலெர்மோவில் இத்தனை வருடம் வீட்டுவேலை செய்தும் குளிருக்கென்று ஒரு சப்பாத்து நான் வாங்கியதில்லை. போதாக்குறைக்குச் சலரோகம் என்கிற நீரிழிவால் இரண்டு பாதங்களும் மரத்துப்போயிருந்தன. "பனியில் விரல் கறுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. போகாதீர்கள்" என்றார் என் டாக்டர்.

போகாமல் எப்படி இருப்பது?

நானும் கணவரும் வியா மக்வேதா கடைத்தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினோம். எல்லாம் அழகுக்குச் செய்தவை. மெல்லிய தோல், வழுக்கும் அடி. "இங்கே யாருக்குப் பனி, சின்யோரா?" என்று ஒரு கடைக்காரி சிரித்தாள். கடைகள் பூட்டும் நேரம் நெருங்கியது. தெருவில் நின்றபடியே தங்கச்சிக்கு அழைத்தேன்.

"அக்கா, பெரிசா வாங்கு. தடிச்ச கம்பளி சொக்ஸ் போட்டாலும் விரல் ஆட்ட இடம் இருக்கோணும்." சொல்லுக்குச் சொல் அவளுக்கு மூச்சு வாங்கியது. "இறுக்கினா ரத்தம் ஓடாது. அடி தடிச்ச றப்பரா..."

"காணும், கதையாதை. நான் வாறன்."

"கெதியா வா."

பக்கத்து ஒழுங்கையில் மலையேறுபவர்களுக்கான கடை ஒன்று கதவைப் பாதி இறக்கியிருந்தது. கணவர் குனிந்து உள்ளே போய்க் கெஞ்சினார். உள்ளே கம்பளி வைத்த ஆண்கள் பூட்ஸ் ஒரு சோடி இருந்தது. தடித்த சொக்ஸோடு போட்டேன்.

"இறுக்குதோ?" என்று கணவர் கேட்டார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" உடைந்து அழுதுவிட்டேன்.

அவர் தரையில் முழந்தாளிட்டார். பூட்ஸைக் கழற்றி, உள்தட்டை உருவி, அதன்மேல் என் காலை வைத்து, விரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். தையல் எங்காவது உரசுமோ என்று உள்ளே கைவிட்டுத் தடவினார். பிறகு மறுபடி மாட்டிவிட்டு, மேலே அழுத்திப் பிடித்தார்.

"விரலை ஆட்டும் பாப்பம்."

"ஆட்டுறன். ஆடுதோ?"

"ஓம். நல்லா ஆடுது."

அதைப் போட்டுக்கொண்டுதான் நோர்வேக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் பனி முழங்கால் வரை கிடந்தது. கால் மரத்ததென்று நான் சொல்ல, வார்டில் ஒரு தாதி என் பூட்ஸைக் கழற்றி, விரல்களைத் தொட்டுப் பார்த்து, சூடாகத்தான் இருக்கின்றன என்றாள். வெறுங்காலோடு அறைக்குள் ஓடினேன்.

தங்கச்சி கண் திறந்து பார்த்தாள். அவளால் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்தபடி, அன்று பின்னேரம் மூச்சு அடங்கும் வரை இருந்தாள்.