மிஞ்சும் இரண்டு குண்டுகள்

பட்டாளத்தில் நான் விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குண்டு போட்டவன். நான்கு குண்டுகளை ஒரு கிளிப்பில் செருகி, மேலிருந்து பீரங்கிக்குள் இறக்க வேண்டும். மனிதனுக்கு அவ்வளவுதான் வேலை. ஒரு குண்டு வெடித்ததும் குழாய் பின்னால் உதைக்கும். அந்த உதையிலேயே அடைப்பு திறந்து காலித் தோட்டா உறை வெளியே விழும், அடுத்த குண்டு உள்ளே போய்விடும். ஆனால் இரண்டு குண்டுகள் மிஞ்சியதும் பீரங்கி தானாக நின்றுவிடும். அடியோடு காலியானால் மறுபடியும் கையால் இழுத்துத் தொடங்க வேண்டும் என்பதால் அப்படிச் செய்திருந்தார்கள்.

இப்போது கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், பேக்கிங் மெஷினுக்கு அட்டைப்பெட்டி போடுகிறேன். பாழாய்ப்போன பழக்கம், அடுக்கில் இரண்டு பெட்டிகள் இருக்கும்போதே அடுத்த பெட்டிக்கட்டை வைத்துவிடுவேன். என் ஷிப்டில் மெஷின் நின்றதே இல்லை. அதுவே வினையாகிவிட்டது.

நேற்று வேலை முடிந்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு ரயில் பிடிக்கக் கிளம்பியபோது சூப்பர்வைசர் வழிமறித்தார்.

"அங்கிள், இந்த ஞாயிறும் ஓவர்டைம் வாங்க. நீங்க இருந்தாதான் மெஷின் நிக்காது லா."

இது நான்காவது ஞாயிறு. முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. வாயில் வந்ததைச் சொல்லித் திட்டலாம் போலிருந்தது. அந்தப் பீரங்கி இரும்புக்குக்கூட நிற்கத் தெரிந்திருந்தது.

"வரேன் லா" என்றேன்.