ரெஜினா டீச்சரின் மகிழம்பூ அத்தர்

ரெஜினா டீச்சர் பூசிய மகிழம்பூ அத்தரைச் சிலோனிலிருந்து எந்த ஆணும் அனுப்பவில்லை. ஆனால் அடக்கத்துக்கு வந்த பழைய மாணவிகள் மூவர், அனுப்பியதாகத்தான் என்னிடம் சொன்னார்கள். இதைப் படிக்கும் மற்றப் பழைய மாணவிகளே, நீங்களும் பள்ளி நாட்களில் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். அன்று காலைதான் ரெட்டியார்சத்திரத்திலிருந்து அவருடைய தங்கை மகள் ஸ்டெல்லா தொலைபேசியில், "பெரியம்மா போயிட்டாங்க டீச்சர்" என்று சொல்லியிருந்தாள். கல்லறையில் நின்றுகொண்டு வாதாட எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நம் திண்டுக்கல் பள்ளியில் நான் ஆங்கிலம் கற்பித்தேன். அவர் தையல் ஆசிரியை. கணவரை இழந்து ஓராண்டு ஆகியிருக்கவில்லை. கோயில் பீடத்தில் விரிக்கும் துணிக்கு லேஸ் வாங்க ஒரு சனிக்கிழமை இருவரும் நாகல் நகர் போனோம். பக்கத்து அத்தர் கடை பாய், வருகிறவர்கள் புறங்கையில் ஒரு சொட்டுத் தடவிக்கொண்டிருந்தார். ரெஜினா டீச்சர் முகர்ந்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"மகிழம்பூம்மா. பெரிய வீட்டுப் பொம்பளைக வாங்குறது."

"ஏன் பாய், பெரிய வீட்டுக்காரவுகளுக்குத்தான் மூக்கு இருக்கோ?"

பாய் சிரித்துவிட்டார். திங்கட்கிழமை டீச்சர் இடது கையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடியே பள்ளிக்கு வந்தார். "கழுவ மனசு வரல டீச்சர்" என்றார். சம்பளம் வந்த அன்றே போய் ஒரு சின்னக் குப்பி வாங்கினார். அதற்குப் பின் வேறு எந்த வாசனையையும் அவர் தொடவில்லை.

அந்நாளில் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் விதவைகள் பூ வைப்பதில்லை. ஓய்வறையில் மூத்த ஆசிரியை ஒருவர், "புருசன் போயி வருசம் திரும்பல. வாசத்தப் பாரு, கல்யாண வீடு கணக்கா" என்றார்.

ரெஜினா டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பூ வைக்கக் கூடாதுன்னாக, வைக்கலக்கா. மூச்சு விடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே" என்றார்.

நானும் மூத்தவர் பக்கம்தான் நின்றேன். ஆசிரியைக்குச் சோப்பு வாசனை போதும் என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். ஆனால் அவர் கடந்துபோன தாழ்வாரத்தில் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். தையல் அறைக்குப் போக ஏதாவது காரணம் தேடுவேன். அந்த வாசனை மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. கேட்டு வாங்க என் கௌரவம் இடம் தரவில்லை.

பங்குத் திருவிழாவுக்கு முந்தின நாள் மதியம் தையல் அறையில் யாருமில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து குப்பியைச் சாய்த்தேன். உள்ளங்கை நிறையக் கொட்டிவிட்டது. வெளியே காலடிச் சத்தம். கைக்குக் கிடைத்த துணியில் துடைத்து, மடிப்பை மூடிவிட்டு வந்துவிட்டேன். அது பீடத்துணி.

மறுநாள் பூசையில் வாசனை முதல் வரிசை வரை வந்தது. பூசை முடிந்ததும், பள்ளியை நடத்திய கன்னியரின் தலைவியான மதர், அந்தத் துணிக்கு லேஸ் வாங்கி வந்த எங்கள் இருவரையும் அழைத்தார்.

"இது பீடமா, சிங்காரப் பெட்டியா? யார் கை பட்டது?"

ரெஜினா டீச்சர் துணியைப் பிரித்தார். விரல் தடம் எண்ணெய்க் கறையாகத் தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் மேசையில இருந்த துணி மதர். பொறுப்பு என்னோடது."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

பீடத்துணி தைக்கும் வேலை அவரிடமிருந்து போயிற்று. கணவர் இறந்த பிறகு தன்னைக் காலையில் எழுந்திருக்க வைத்தது அந்த வேலைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பீடத்திலேயே அத்தர் பூசியவள் என்ற பேச்சு கிளம்பிற்று. பேச்சுக்கு ஓர் ஆண் தேவைப்பட்டது. சிலோனிலிருந்து அத்தர் அனுப்பும் ஒருவர் அந்தக் கதையில் வந்து சேர்ந்தார். என்னை யாரும் நேராகக் கேட்கவில்லை, ஆகவே நான் பொய் சொல்லவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். கன்னியரிடம் படித்தவளுக்கு அது பொய்தான் என்று தெரியாமல் இல்லை.

அறுபதுகளின் நடுவில் என் கணவர் இறந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போன பின், ரெஜினா டீச்சர் என் கையில் ஒரு குப்பியை வைத்து விரல்களை மூடினார்.

"வச்சுக்கங்க டீச்சர். உங்களுக்கு இது பிடிக்கும்னு எனக்குத் தெரியும்."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்..."

"சும்மா இருங்க. பூசிட்டு அழுங்க, இல்ல அழுதுட்டுப் பூசுங்க. உங்க இஷ்டம்."

எனக்குப் பிடிக்கும் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. எப்படித் தெரியும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பின் எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனோம், கேட்கவில்லை. குப்பி வற்றிப் பல காலம் ஆயிற்று. என் விரல்களை அவர் மூடிய அழுத்தமும் அந்த ஒரு வாக்கியமும் என்னிடம் இருக்கின்றன.

ஸ்டெல்லா, இதை உனக்கும் அனுப்புகிறேன்; கடைசி ஆண்டுகளில் நீதான் அவருடன் இருந்தாய். பீடத்துணியில் கை துடைத்தது நான் என்று உன் பெரியம்மாவுக்குத் தெரியுமா? என்னைப் பற்றி அவர் என்ன சொல்லியிருந்தாலும், எனக்காக மாற்றாமல் சொன்னபடியே எழுது. தொலைபேசியில் வேண்டாம். கடிதமாக அனுப்பு.