ஏற்காட்டுக்குப் போன முயல்

முயல் வளர்த்துப் பணக்காரி ஆகிவிடலாம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எண்பதுகளின் நடுவில் புதுச்சத்திரம் பக்கம் யாரைப் பார்த்தாலும் கோழிப்பண்ணை போட்டு, மாடி வைத்த மெத்தை வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் என்னோடு குனிந்து கடலைக்காய் பொறுக்கினவள், இந்த வருடம் புருஷனோடு புல்லட்டில் ஏறி என்னைத் தெரியாதவள் மாதிரி போனாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு மெத்தை வீட்டின் மேல் ஆசையில்லை. என் வீட்டுக்காரர் லாரியை விட்டு இறங்கி வீட்டோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வடக்கு லைன் டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர், இந்தூர், சில நடை கல்கத்தா வரைக்கும் போவார். திரும்பி வர ஒரு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். வந்தால் தூங்கி எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிச்சோறு தின்றுவிட்டு மறுபடி கிளம்பிவிடுவார். எங்களுடையது தோட்டத்து வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு இல்லை. பிள்ளையும் இல்லை. ஒரு எருமை, வற்றிப்போன கிணறு, மழை பெய்தால் மட்டும் விளைகிற காடு. எருமையோடு பேசிப் பேசி, அது பதில் சொல்லவில்லை என்று அதன்மேல் கோபித்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

லோடோடு எங்கள் பக்கமாகப் போகும்போது வண்டியை நிறுத்த அவருக்கு நேரம் இருக்காது. அதனால் புளியமரத்து வளைவில் நீளமாக ஒரு ஹாரன், குட்டியாக இரண்டு அடித்துவிட்டுப் போவார். அது காதில் விழுந்ததும் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி வரப்புக்கு ஓடி முந்தானையை வீசுவேன். மரங்களுக்கு நடுவில் லாரியின் தார்ப்பாய் மட்டும் தெரிந்து மறையும். அன்றைக்கு முழுக்க வேலை தன்னால் ஓடும். எங்கள் குடித்தனத்தில் பாதி அந்த ஹாரனில்தான் நடந்தது.

தோட்டத்தில் ஒரு போர்வெல் போட வேண்டும் என்பது அவர் திட்டம். திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டுவந்து ஆழமாகப் போட்டால் தண்ணீர் கிடைக்கும், மஞ்சள் வைக்கலாம், பிறகு எவன் லாரியையும் ஓட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுப் போவார். அதற்குப் போர்ப் பணம் என்றே பெயர். அது ஊறுகிற வேகத்தைப் பார்த்தால் அவருக்கு நரை விழுந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார் என்று எனக்குத் தோன்றும்.

அப்போதுதான் சேலம் பஸ்ஸில் ஒருவன் நோட்டீஸ் கொடுத்தான். வீட்டில் இருந்தபடியே முதலாளி ஆகலாம், அங்கோரா முயல் வளர்ப்பு, விளக்கக் கூட்டம் இலவசம், மதியச் சாப்பாடு உண்டு. இலவசம்தானே என்று போனேன். சேலத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளில் மணமேடையில் முயல் கூண்டை வைத்திருந்தார்கள். சபாரி போட்ட ஒருத்தர் மைக்கில் பேசினார். அந்த முயலின் ரோமத்தை வெட்டி விற்கலாம், வெட்ட வெட்ட வளரும், வெளிநாட்டுக்காரன் வரிசையில் நிற்கிறான் என்றார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான், வாய் சும்மா இருக்குமா? எழுந்து நின்று கேட்டேன்.

"ஏனுங்க, இத்தனை மசுரை வெச்சுக்கிட்டு நம்ம ஊரு சித்திரை வெயில்ல அது எப்படீங்க பொழைக்கும்?"

"அருமையான கேள்விங்கம்மா," என்றார் அவர். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "அதைப் பயிற்சியில விளக்கமாச் சொல்லித்தருவோம்."

பயிற்சிக்குக் கட்டணம் உண்டு என்பது சாப்பாட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எனக்கு வெள்ளை வந்தது. மடிப்பைப் பிரித்ததும் அழுகையே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். போர்ப் பணத்தில் கை வைத்தேன்.

முதல் வகுப்பில் என் பக்கத்தில் ஜலகண்டாபுரத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். தறிக்காரர் வீடு. நான் கொண்டுபோன புளிச்சோற்றை அவளும், அவள் கொண்டுவந்த இட்லியை நானும் சாப்பிட்டோம். வீட்டில் யார் யார், நேற்று என்ன குழம்பு என்று அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என்ன குழம்பு என்று யாரும் என்னைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது! வகுப்பில் சொல்லித்தந்தது கூண்டின் நீள அகலமும் முயலுக்குக் காது எத்தனை நீளம் என்பதும்தான். வெயிலைப் பற்றி மறுபடி கேட்டேன். அது இரண்டாம் நிலையில் வருகிறது என்றார்கள். இரண்டாம் நிலைக்குத் தனிக் கட்டணம்.

பூசாரியிடம் போய் நின்றேன். இன்னொரு தரம் பூப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அதே காரியந்தானே சாமி? ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் கேக்கோணும். மறுக்காக் கேட்டா ஆத்தாளை நம்பலைன்னு ஆயிரும்."

அதே காரியம்தான் என்று நானும் தலையாட்டினேன். இதில்தான் நான் வழுக்கினேன். கட்டணம் புதிது, காரியம் பழையது. அன்று வந்த ஒரு வெள்ளைப் பூவை வைத்துக்கொண்டு அவர்கள் நீட்டிய இடத்திலெல்லாம் பணம் கட்டினேன். அந்த சபாரிக்காரருக்கு எங்கள் ஊர்ப் பூக் கணக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தால் மேடையிலேயே ஒரு அம்மனையும் வைத்திருப்பார்.

இரண்டாம் நிலைக்கு அந்த ஜலகண்டாபுரத்துப் பெண் வருவாள் என்று நினைத்துத்தான் சீக்கிரமே போய்ப் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்தேன். அவள் வரவில்லை. "எனக்கு இதோட போதுங்கக்கா, மேல கட்டறதுக்கு வழியில்லீங்க" என்று போன தடவை பஸ் ஏறும்போது சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. சாயந்தரம் வரை அந்த நாற்காலியில் என் பைதான் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகும் நான் ஏன் போனேன் என்றால், அங்கே நுழையும்போது ஒரு பையன் கும்பிட்டு "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்பான். எல்லோரையும்தான் கேட்பான். இருந்தாலும் கேட்பான்.

இரண்டாம் நிலையில் ஒரு ஜோடி முயலும் கூண்டும் வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வெயிலுக்கு ஈரச் சாக்குப் போடுங்கள் என்றார்கள். இந்தப் பாடத்துக்கா இவ்வளவு பணம் என்று வயிறு எரிந்தது. வற்றிய கிணற்றை வைத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து சாக்கை நனைத்தேன். சித்திரை பிறந்ததும் ஆண் முயல் செத்துப்போனது. பெண் முயல் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு என் காலடியிலேயே படுத்துக் கிடந்தது. அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு வரும். அதனிடம் நான் என்ன குழம்பு என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

செத்ததைப் போய்ச் சொன்னேன். சபாரிக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

"இதுக்காகத்தாங்கம்மா மூணாவது நிலையே வெச்சிருக்கோம். ஏற்காட்டுல குளிர்க் கொட்டகை போடறோம். பங்கு சேர்ந்துட்டா உங்க முயல் அங்க வளரும், ரோமப் பணம் உங்க ஊட்டுக்கு வரும். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லீங்க."

முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் ஒருத்தரும் உட்கார்ந்திருக்கமாட்டோம். இவ்வளவு கட்டிவிட்டு இதற்கு மட்டும் கட்டாமல் விட்டால் கட்டினதெல்லாம் வீணாகிவிடுமே என்ற இடத்துக்குக் கொண்டுவந்துதான் சொன்னார்கள். மிச்சமிருந்த போர்ப் பணத்தையும் கொடுத்தேன். முயலையும் ஒரு கூடையில் வைத்துக் கொடுத்தேன். அது கூடையிலிருந்து எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பணத்துக்காக அழவில்லை.

ரோமப் பணம் வரவில்லை. மண்டபத்தில் போய்க் கேட்டால், யாரோ வாடகைக்கு எடுத்திருந்தார்கள், போய்விட்டார்கள் என்றார்கள். ஒருநாள் தனியாக பஸ் ஏறி ஏற்காட்டுக்கே போனேன். மேலே பனி இறங்கியிருந்தது. ஒரு காபித் தோட்டத்துக் காவல்காரரிடம் முயல் கொட்டகை எங்கே என்று கேட்டேன். இங்கே காட்டு முயல்தான் இருக்கிறது, அதுவும் கூப்பிட்டால் வராது என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் குளிரில் நின்று நானும் சிரித்துவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இப்போதும் யாராவது இந்த மாதிரிப் பயிற்சி என்று வந்தால் நான் ஒன்றுதான் கேட்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொன்னார்களா, அடுத்த வகுப்பில் என்றார்களா? அடுத்த வகுப்பில் என்றால் எழுந்து வந்துவிடு.

அந்த வருடம் ஆடி மாதம்தான் என் வீட்டுக்காரர் வந்தார்; அதுவரை ஒரு லோடு இறக்கினதும் அடுத்த லோடு என்று ஓடிக்கொண்டே இருந்தார். ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார், கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசலில் கிடந்த காலிக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தாகிட்டப் பூக் கேட்டே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே, புள்ள."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "கேக்கறதுக்கு நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

அவர் கூண்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"மாசியில நான் வெல்லம் லோடு ஏத்திக்கிட்டு இந்த வழியாப் போனனே, அன்னிக்கு எங்க இருந்தே?"

"சேலத்துல, வகுப்புலீங்க."

"பங்குனிக் கடைசியில?"

"அன்னிக்கும் அங்கதானுங்க."

"அப்போ நான் யாருக்கு ஆரன் அடிச்சுட்டுப் போனேன்?"

போர்ப் பணத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தார், சாப்பிட்டார், கிளம்பினார். லாரியை விட்டு அவர் இறங்க இன்னும் பல வருடங்கள் ஆயின.

அந்த நடை லோடு ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிற நாளில் காலையிலிருந்தே வரப்பில் நின்றேன். எருமைக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு புளியமரத்து வளைவில் ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு. முந்தானையை வீசினேன். மரங்களுக்குள் தார்ப்பாய்தான் தெரிந்தது. அங்கிருந்து அவர் என்னை ஒருநாளும் பார்த்திருக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் நான் இருப்பேன் என்று நம்பித்தான் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

"இருக்கறனுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "இங்கதான் இருக்கறனுங்க!"

லாரிச் சத்தத்தில் அவருக்கு அது கேட்டிருக்காது.