பதிமூன்றாம் மாடிக்கு இறங்கிய புடலங்காய்

நாங்கள் குடியிருப்பது மலாக்காவின் ஆயர் குரோவில், லிஃப்ட்டில் 13ஏ என்று எழுதியிருக்கும் மாடியில். நாலு சேர்ந்த எண் சீனர்களுக்கு ஆகாது என்பதால் கட்டியவர்கள் பதினான்கை இப்படி ஒளித்துவிட்டார்கள். முப்பது வருஷம் ஸ்டோரில் சாமான் எண்ணிய எனக்கு அது பதினான்குதான்.

அந்த உயரத்தில் காய்கறி போடுவது மலாக்காவில் காய்கறி போடுவதாகாது. மழையே பெய்யாத ஏதோ ஒரு மலைநாட்டில் போடுவது. ஊரே நனையும்போதும் எங்கள் பால்கனிக்குள் ஒரு சொட்டு விழாது. மேல்மாடித் தளம் குடைபிடித்து நிற்கிறது. காற்று மட்டும் ஓயாமல் வரும். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்து, மண் சுருங்கி, வாளி ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும். பெயிண்ட் வாளிகள் ஒன்பது வைத்திருந்தேன். கத்திரி கருகியது. வெண்டை இரண்டு இலை விட்டதோடு நின்றது. தக்காளி பூத்தது, பூவையெல்லாம் காற்று கொண்டுபோனது. தேங்காய் நாரைப் பிய்த்து மண்ணை மூடினேன், பழைய கைலியைத் திரையாகக் கட்டினேன். வாளிக்கொரு தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகக் குத்தினேன்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, ஒன்பது பெட்டு, ஒன்பது டிரிப்பு" என்றாள் என் மனைவி. அவளுக்கு அந்த இடத்தில் துணி காயப் போட வேண்டும். கடைசியில் கெடு வைத்தாள். "வர்ற பொங்கலுக்கு இங்க காச்ச ஒரு காயி என் சட்டியில விழணும். இல்லன்னா வாளியெல்லாம் கீழ போகும், கொடிக்கம்பி மேல வரும். அப்புறம் முகத்தத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

பெம்பான் தோட்டத்தில் இருக்கும் அவள் தம்பி புடலை விதை கொடுத்தனுப்பினார். ஒன்பது வாளியில் ஒரே ஒரு கொடிதான் நிமிர்ந்தது. கைலித் திரை நிழலில் ஏறி, கம்பித் தடுப்பைப் பிடித்து, வெளியே தலையை நீட்டி, டிசம்பரில் பூத்தது. வெள்ளை நூலைப் பிரித்துவிட்ட மாதிரி பூ. ஆனால் பதினான்காம் மாடிக்கு எந்தப் பூச்சி ஏறிவரும்? அந்தி சாயும்போது ஆண் பூவைக் கிள்ளி எடுத்து, பெண் பூவைத் தேடிப் போய் நானே தொட்டு வைத்தேன்.

"மாப்பிள்ளையக் கையிலயே புடிச்சிக்கிட்டு வீடு வீடா அலையிறாரு பாரு. தரகு எவ்வளவுங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான்கு பூவுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். மூன்று பிஞ்சு மஞ்சளாகி விழுந்தன. நான்காவது தங்கியது. மறுநாள் சுண்டுவிரல் நீளம். அதற்கு மறுநாள் நடுவிரல். நான் பால்கனிக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். வயதுக்கு ஏற்ற நடையா அது என்று கேட்டால் இல்லை.

பிஞ்சின் நுனி லேசாக வளைந்ததும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மச்சானுக்குப் போன் போட்டேன்.

"கல்லு கட்டலியா? என்னா மச்சான் நீங்க! கட்டலன்னா ஜிலேபி மாதிரி சுருட்டிக்கும்லா. கயிற நீளமா விடுங்க, காத்துல கல்லு காய இடிச்சிறாம."

தோட்டத்தில் எல்லா வீட்டிலும் புடலைக்குக் கல் கட்டுவார்கள். ஆனால் அங்கே கல்லுக்குக் கீழே தரை. இங்கே கல்லுக்குக் கீழே பதிமூன்று வீடு. அறுந்தால் எங்கே விழும் என்று கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். புல்தரைதான், ஆள் நடமாட்டம் இல்லை. அப்படியும் மனம் கேட்கவில்லை. எலுமிச்சை அளவுக் கல் ஒன்றைப் பழைய மஞ்சள் வேட்டித் துண்டில் மூட்டையாகக் கட்டி, ஒன்றுக்கு மூன்று முடிச்சுப் போட்டு, நீளக் கயிற்றில் தொங்கவிட்டேன். மறுநாளிலிருந்து காய் அம்பு மாதிரி நேராக இறங்கியது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய நாலு விரல்!

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் ஏறிவந்த லிஃப்ட் பதிமூன்றில் திறந்தது. சாம்பிராணி வாசனை குப்பென்று வந்தது. எங்களுக்கு நேர் கீழ்வீட்டு வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கின. தரையில் உடைத்த பூசணிக்காயின் குங்குமக் கறை. அந்த வீட்டில் குருபோங் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். நல்ல மனுஷி. யார் அவருக்கு என்ன செய்துவிட்டார்கள்?

படித்தவன்தான் நான்; இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் ஒரு மாடி கீழே வந்தது ஒரு மாடி மேலே வர எவ்வளவு நேரமாகும்? பாசாருக்குப் போய் மூன்று எலுமிச்சம்பழம் வாங்கிவந்து எங்கள் வாசலிலும் கட்டினேன். மனைவி பார்த்தாள். அதுவே போதுமான ஏச்சு.

பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம் கீழ்வீட்டம்மாள் மேலே வந்தார். எங்கள் வாசல் எலுமிச்சையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே! உங்க வீட்டுக்கும் வந்திருச்சா?"

"எது வந்திருச்சா?"

"மஞ்ச மூட்டை. எங்க பால்கனிக்கு நேரா தொங்குது. யாரோ செய்வினை வெச்சிருக்காங்கண்ணே. மொதல்ல சீலிங் கிட்ட இருந்திச்சு. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. இன்னிக்கு என் மூஞ்சிக்கு நேரா நிக்குது!"

எனக்கு மயிர் கூச்செறிந்தது. "தினமும் எவ்வளவு இறங்குது?" என்று கேட்டேன்.

"நாலு வெரலு இருக்கும்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற மனைவிக்கு உறைத்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

"கிட்ட போய்ப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"அய்யோ, தொடவே கூடாதுன்னு மந்திரிக்கிற சாமி சொல்லிட்டாரு. பால்கனி பக்கம் தல நீட்டாதேன்னாரு. ரூமுக்குள்ள நின்னே மஞ்ச தண்ணி தெளிக்கிறேன், சாம்பிராணி காட்டுறேன். இன்னிக்கு ஆறு மணிக்கு அவரே வராரு. மந்திரம் சொல்லி, அப்படியே புடிச்சி இழுத்து, கடல்ல கொண்டுபோய்ப் போட்டுருவாராம்."

பிடித்து இழுத்து. அந்தச் சொல்தான் என் மண்டையில் மணி அடித்தது. என் காய்! நான் கல்யாணம் பண்ணி வைத்த காய், என் ஒன்பது வாளியின் ஒரே காய், கடலுக்கா?

"இழுக்க வேணாம்மா!" என்று கத்தினேன். "அது புடலங்காய்!"

அவர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பால்கனிக்கு நடந்து, கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்.

"புடலங்காயி" என்றார், காயிடமே சொல்வது போல. பிறகு குரல் ஏறியது. "புடலங்காய்க்கா நான் பூசணிக்கா ஒடச்சேன்? மாமியாரைச் சந்தேகப்பட்டேன்லா அண்ணே! மூணு நாளா அவங்க போனையே எடுக்கல!"

மனைவி அதற்குமேல் தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கீழ்வீட்டம்மாள் கோபத்தைப் பிடித்துவைக்கப் பார்த்து, முடியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நிலையிலேயே போன் போட்டார். "சாமி, வர வேணாம். அது காயி. இல்ல சாமி, காயி, கொழம்பு வெக்கிற காயி!"

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு அடுத்த கவலை வந்தது. காயை எப்படி எடுப்பது? மேலே தூக்கினால் கம்பி விளிம்பில் பட்டு ஒடியும். ஆகவே அவர் கீழே போனார். தன் பால்கனியில் துண்டு விரித்து, பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையையும் ஏந்தி நின்றார். நான் மேலே கத்திரிக்கோலோடு.

"புடிச்சாச்சா?"

"புடிச்சாச்சிண்ணே!"

"கல்லையும் சேர்த்தா?"

"சேத்துத்தான், வெட்டுங்க!"

"நல்லாப் புடிச்சாச்சா?"

"அண்ணே, எனக்கு நைட் ஷிஃப்ட் இருக்கு!"

வெட்டினேன். கனம் போனதும் கொடி ஒரு துள்ளுத் துள்ளியது. நானும் துள்ளினேன். கீழிருந்து குலவைச் சத்தம் கேட்டது. பதிமூன்றாம் மாடியில் ஒரு புடலங்காய்க்குக் குலவை!

ஆனால் காய் மேலே வரவில்லை. குரல்தான் வந்தது. "அக்கா, பாதி எனக்கு! எவ்வளவு சாம்பிராணி போட்டிருக்கேன்!"

நியாயம். கீழே போய்ச் சாண் போட்டு அளந்தேன். ஏழு சாண். மூன்றரையில் நறுக்கி, அவர் பங்கை அவரிடம் கொடுத்து, என் பங்கைத் தோளில் சாத்திக்கொண்டு படியேறி வந்தேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

பொங்கல் அன்று பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். நான் தட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய்.

"காயி நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா நான் கேட்டது ஒரு காயி. வந்தது பாதி."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"பாதிக் காயிக்குப் பாதி பால்கனி. எந்தப் பாதின்னு நீங்களே சொல்லுங்க."

வாயில் கூட்டோடு எழுந்து ஓடினேன், காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க.