முகட்டுக்கு மேலே அம்மா ஏற்றிய புகைக்குழாய்

எங்கள் அம்மா பிறந்தது ராயகிரியில். வயலும் கரும்பும் உள்ள குடும்பம். உடன்பிறந்த ஐவரில் மூத்தவர் என்பதால் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு வயல் வேலை; தை மாதம் வந்தால் வெல்லம் காய்ச்சும் ஆலையில் அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளும் வேலை. அம்மா அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தாம் இரண்டு பள்ளிக்கூடங்களில் படித்ததாகச் சொல்லுவார். இரண்டாவது எது என்று கேட்டால் ஆலையைத்தான் சொல்லுவார்.

பத்தொன்பது வயதில் சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பாவுக்குத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கோவிலுக்கு வடக்கே ஒரு சந்தில், ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு கூடம், பின்னால் அடுப்படி. இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவர், ஓடு வரைக்கும் எழும்பாமல் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. அடுப்பில் எரிந்தது காய்ந்த பருத்திமாரும் உடைமர விறகும். தீ மூட்டிய சற்று நேரத்தில் புகை அந்தச் சுவரைத் தாண்டிக் கூடத்தை நிறைத்துவிடும்.

அந்தப் புகை எனக்கு ஆகவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஆறு வயது. மூச்சு இழுக்கும், உதடு நீலம் பாரிக்கும். சமையல் முடியும்வரை என்னைத் தெருவாசலில் உட்கார வைத்திருப்பார்கள். மழை பெய்தால் அதற்கும் வழியில்லை. அந்த ஆண்டு புரட்டாசியில் மட்டும் மூன்று முறை என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூன்றாம் முறை டாக்டர், மருந்து மட்டும் போதாது, இந்தப் பிள்ளை புகையில்லாத இடத்தில் வளர்ந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அப்பா கலங்கிப்போனார். ராயகிரியில் மாமா வீட்டில் சமையல்கட்டு தனியாகக் கொல்லையில் இருந்தது. என்னை அங்கே விட்டுவிட்டு ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து வரலாம் என்றார். அம்மா சம்மதிக்கவில்லை.

"புகையை விரட்ட வழியில்லைன்னு பெத்த பிள்ளையை விரட்டுவாகளா? தீவாளி வரைக்கும் பொறுங்க" என்றார்.

வெல்ல ஆலையில் தீ எரிவது ஒரு பக்கம், புகை வெளியேறுவது வேறு பக்கம். கொப்பரைக்கு அடியில் ஓடுகிற அனல், மண்ணுக்குள் ஒரு வழியாகப் போய்ப் புகைக்கூண்டில் ஏறிவிடும். சக்கை தள்ளுகிறவர் கண்ணில் புகை படாது. அதையே சிறிதாக்கி எங்கள் அடுப்படியில் கட்டிவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் எண்ணம். தெருவில் இருந்த கொத்தனாரைக் கேட்டதற்கு, ஓட்டு வீட்டில் அதெல்லாம் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கார அண்ணாச்சி இன்னும் கடுமையாகப் பேசினார். கூரையிலிருந்து ஒரு சொட்டு ஒழுகினாலும் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றார்.

"சரி அண்ணாச்சி. ஒழுகுச்சின்னா நீங்க சொல்லவே வேண்டாம், நானே சாமானைக் கட்டுதேன்" என்றார் அம்மா.

மறுநாளே வேலை தொடங்கியது. குளத்து மண்ணில் உமியைக் கலந்து, இரண்டு நாள் ஊறவைத்து மிதித்தார். கொடியடுப்பின் பின்பக்கம் கை நுழையும் அளவுக்குத் துளைவிட்டு, அங்கிருந்து பின்சுவர் வரை மண்ணால் மூடிய ஒரு வழி கட்டினார். சந்தையில் கீறல் விழுந்த சிறு பானைகளாகப் பார்த்து வாங்கி, அடிப்பாகத்தைத் தட்டி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மண் பூசினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி இரண்டு ஓடுகளைப் பிரித்ததும் அவரேதான். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, அந்தத் தகரத்தை மேல் ஓட்டுக்கு அடியிலும் கீழ் ஓட்டுக்கு மேலேயும் வருமாறு செருகி, நடுவே குழாயை வெளியே விட்டார். தண்ணீர் வந்தால் தகரத்தில் விழுந்து கீழ் ஓட்டில் வழிந்து போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பை மூட்டினார். போன புகை முழுவதும் அடுப்பின் வாய் வழியாகவே திரும்பி வந்தது. முன்னைவிட மோசம். எனக்கு இழுப்பு வந்துவிட்டது. சந்தில் சிரித்தார்கள். வீட்டுக்கார அண்ணாச்சி, ஓட்டைப் பழையபடி மூடச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அப்பா என் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தார். அம்மா அதைப் பார்த்தார். தடுக்கவில்லை. அவர் முகம் அன்று இருந்தது போல் அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

விடிந்ததும் எதிர்வீட்டு வாசலில் போய் நின்று எங்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாணி தெளிக்க வந்த பெண்களெல்லாம் இவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்களாம். திரும்பி வந்து அப்பாவிடம், காற்று முகட்டைத் தாண்டி இறங்கும்போது நம் குழாய்க்குள்ளே விழுகிறது, அதனால்தான் புகை ஏற முடியவில்லை என்றார். மேலும் நான்கு பானைகள் ஏறின. குழாய் முகட்டுக்கு மேலே ஒன்றரை முழம் நின்றது. காற்றில் சாயாமல் கம்பியால் கூரைக் கைமரத்தோடு இழுத்துக் கட்டினார். உச்சியில் மழைநீர் இறங்காமல் ஒரு தகர மூடி.

மறுபடி மூட்டியபோது அப்பா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே வந்தார்.

"போவுது" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, இங்கன வா. எம் பக்கத்துல உக்காரு." என் நினைவில் முதல் முறையாக அடுப்புக்கு அருகில் உட்கார்ந்து, கல்லிலிருந்து எடுத்த தோசையைச் சூடு ஆறுமுன் தின்றேன். எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. பையிலிருந்த துணிகளை அப்பாவே எடுத்துக் கொடியில் போட்டார்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் வீட்டுக்கார அண்ணாச்சி குடையோடு வந்து அடுப்படியில் நின்று மேலே பார்த்தார். தகரத்தைச் சுற்றிக் கையால் தடவியும் பார்த்தார். காய்ந்திருந்தது. போகும்போது, மழை விட்டதும் தம் வீட்டிலும் ஒன்று கட்டித்தர முடியுமா என்று கேட்டார். பொங்கலுக்குள் எங்கள் சந்தில் இன்னும் ஏழு வீடுகளின் முகட்டுக்கு மேலே குழாய் நின்றது. கொத்தனாரும் ஒரு நாள் வந்து, எத்தனை முழம் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து, ஏணியில் ஏற்றியே காட்டி அனுப்பினார்.

அதன் பிறகு அம்மா எதையும் விட்டுவைக்கவில்லை. கதவுக்கீல் ஆடினால் திருகாணித் துளையில் தீக்குச்சிகளைச் செருகி முடுக்குவார். மழையில் உப்பிய கதவின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார். தண்ணீர்க் குழாய் சொட்டினால் சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போடுவார். ஒரு முறை அப்பாவின் புது டியூபையே வெட்டிவிட்டார். அப்பா அலுவலகத்துக்கு நடந்து போனார். செய்வதைத் தம் விருப்பப்படிதான் செய்வார். குறுக்கே பேசினால் கோபம் வரும். ஆனால் யார் வந்து கூப்பிட்டாலும் மண்ணைக் குழைக்கப் போய்விடுவார். கடையநல்லூரில் அப்பாவின் நண்பர் வீட்டில் அம்மா கட்டிக் கொடுத்த அடுப்பில், அவர் மகளின் கல்யாணத்துக்குப் பலகாரம் முழுவதும் சுட்டார்கள்.

கடைசியாகக் கட்டியது இளையரசனேந்தலில், சித்தியின் வீட்டில். அங்கிருந்து திரும்பிய பத்தாம் நாள் நெஞ்சுவலி என்று படுத்தார். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலியை விட, சித்தி வீட்டு அடுப்பின் மண் காயுமுன் யாரும் தீ மூட்டிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலையாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அமைதியாகக் கண்மூடினார்.

நான் இன்று பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சுண்ணக்கட்டித் தூளில் நின்று, நாள் முழுக்கக் குரலெடுத்துப் பாடம் சொல்லுகிறேன். ஒரு நாளும் மூச்சு திணறியதில்லை.

அம்மாவுக்கு இரவும் பகலும் மருத்துவம் பார்த்த டாக்டருக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த அப்பாவின் அலுவலக நண்பர்களுக்கும், ராயகிரியிலிருந்து வந்து உடனிருந்த மாமா குடும்பத்தாருக்கும் அப்பாவும் எனக்குப் பின் பிறந்த தம்பியும் நானும் கைகூப்பி நன்றி சொல்லுகிறோம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், பதினாறு நாளும் எங்கள் சந்தின் ஏழு வீட்டுப் பெண்களும் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லப் போனபோது ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. "எங்க அடுப்புல வெந்தது எல்லாம் அவ சமைச்சதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.