முளைக்கத் தொடங்கிய உள்ளி

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாதம். யாழ்ப்பாண நகரில் ஒரு மொத்தக்கடையின் பின்னறையில் நானும் றகீமா அக்காவும் உள்ளி, அதுதான் வெள்ளைப்பூண்டு, தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில் அவருடைய தம்பி ஓடிவந்தார்.

"அக்கா, எல்லாரையும் உடனே வரட்டாம். ஏதோ கூட்டமாம்."

அக்கா சுளகைக் கீழே வைத்தார். "இது கிடக்கட்டும் தங்கச்சி. பின்னேரம் வந்து முடிப்பம்."

அவர் வரவில்லை. முஸ்லிம் சனங்களை இயக்கக்காரர் ஆயுதம் காட்டி ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள் என்று பின்னேரம்தான் அறிந்தேன். அவருடைய தெருவுக்குப் போனேன். தெரு முகப்பில் துவக்கோடு நின்றவன் மறித்தான்.

"இஞ்சை ஒருத்தரும் இல்லை. போங்கோ."

மழை தொடங்கியது. எங்கள் வேலைக்கு அதுதான் கஷ்டகாலம். பிடுங்கிக் காயவைத்த உள்ளி சில மாதம் உறங்கும். வெக்கையில் அப்படியே கிடக்கும். ஈரமும் குளிரும் பட்டால் விழித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அமத்தினால் பல்லு இளகியிருக்கும். பிளந்தால் நடுவில் பச்சைக் குருத்து. குருத்து பாதிக்கு மேல் ஏறிய மூட்டையை முதலில் விற்றுவிட வேண்டும்.

முன்பு கதைத்துக் கதைத்தே பார்த்த வேலை. இப்போது கை மட்டும் வேலை செய்தது. ஒரு மூட்டை முழுவதும் என் கண்முன்னே முளைத்துவிட்டது.

"ஒரு ஆளாலை ஏலாது பிள்ளை" என்று முதலாளி புனிதத்தைக் கூட்டிவந்தார். தீவுப்பக்கச் சண்டையில் இடம்பெயர்ந்தவள். வந்ததும் என் பக்கத்தில், றகீமா அக்காவின் இடத்தில் போய் இருந்தாள்.

"அங்காலை இருங்கோ" என்றேன்.

எழுந்து இருட்டு மூலைக்குப் போனாள். வேலையைத் தவிர வேறொன்றும் அவளோடு நான் கதைக்கவில்லை. மார்கழியும் போய்விட்டது.

ஒருநாள் அவளாகக் கேட்டாள்: "அக்கா, அதிலை முந்தி ஆர் இருந்தவ?"

"றகீமா அக்கா."

அவர் போன பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"இப்ப எங்கை?"

"தெரியாது. துரத்திப்போட்டாங்கள்."

அவள் உள்ளியை உருட்டிக்கொண்டிருந்தாள். "எங்கடை பக்கத்து வீட்டுக்காரியும் எங்கையெண்டு தெரியேல்லை. ராணி எண்டு பேர். ஒண்டாத்தான் ஓடினனாங்கள்."

"வெளிச்சத்துக்கு வாங்கோ புனிதம். உங்கை இருட்டிலை குருத்துத் தெரியாது" என்று என் பக்கத்தில் சாக்கை விரித்தேன்.

றகீமா அக்காவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பிறகு இடம்பெயர்ந்த எத்தனையோ பேர் அந்த அறைக்கு வேலைக்கு வந்தார்கள். முளை பார்க்கப் பிறகும் பழகலாம். முதல் நாளே அவர்களிடம் ஊரைக் கேட்பேன். யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்பேன்.