‘ம்’ என்றால் இடது கால்

அன்பர்களே, எனக்கு மேடைப் பேச்சு வராது. கோபம்தான் சட்டென்று வரும். பெருமாளிடமே சண்டை போட்டவன் நான். அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1997ஆம் வருஷம், ஐப்பசி மாதம். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துகொண்டிருந்தேன். யாரோ கூப்பிட்டு, “ஐயா, உங்க செருப்பு அங்கியே கெடக்குது” என்றார்கள். கால் செருப்பை விட்டுவிட்டு வந்ததே எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் படியில் விழுந்தேன். மூன்றாம் நாள் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நரம்பு பழுதுபட்டிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை, நடை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

எனக்குப் பிழைப்புக்குத் தறி. ஆனால் யாராவது “நீ யாரு?” என்று கேட்டால், உற்சவத்தில் பெருமாள் பல்லக்கைத் தோளில் தூக்குகிறவன் என்றுதான் சொல்வேன். பதினெட்டு வயதில் வெறும் மூங்கிலில் மண் மூட்டையைக் கட்டித் தோளில் வைத்துப் பழகினேன். கால் வைக்கிற விதம் பிடிபடவே இரண்டு மாதம் ஆயிற்று. எங்கள் குழுவுக்குத் தலைவன் பார்த்தா. அவன் “ம்” என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடது கால் போக வேண்டும். உடம்பு லேசாக இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் பெருமாள் நடந்து வருவது போலிருக்கும். அப்படி இருபத்திரண்டு வருஷம் சுமந்த காலை இப்போது இரண்டு பேர் பிடித்துத் திருப்பிப் போட்டார்கள்.

தை மாதம் வீட்டுக்கு வந்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த என் மகள் வேதாவுக்கு அப்போது எட்டு மாதம். அப்பனும் பெண்ணும் ஒரே பாயில் கிடந்தோம். கூடத்துச் சுவரில் இருந்த பெருமாள் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

“அந்தப் படத்தைத் திருப்பி வைடி” என்று கத்தினேன்.

என் மனைவி கோமளா அசையவில்லை. “திருப்பி வெச்சா அவருக்கு சுவரு தெரியும். உங்களுக்கு இன்னா தெரியும்?” என்றாள்.

அவள் அடுப்படிக்குப் போன பிறகு வாய்விட்டு அழுதேன். “இருபத்திரண்டு வருஷம் உன்னை நான் தூக்கினேனே. ஒரே ஒரு நாள் நீ என்னைத் தூக்கினால் குறைந்தா போய்விடுவாய்?” என்று கேட்டேன். அதுதான் என் பிரார்த்தனை. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மேடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். “குழந்தை எந்த வரிசையில கத்துக்குதோ, நீங்களும் அதே வரிசையிலதான் வரணும். முதல்ல புரளுங்க, அப்புறம் உட்காருங்க, தவழுங்க, நில்லுங்க. அவசரப்படாதீங்க.” நாற்பது வயது ஆம்பிளையைத் தவழச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பக்கத்தில் வேதாவும் புரண்டு புரண்டு அதே பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் போட்டி. உட்காருவதில் நான் ஜெயித்தேன், தவழுவதில் அவள். ரசம் சாதத்தை இருவரும் வாயில் பாதி, மேலில் பாதியாகச் சாப்பிட்டோம். சட்டை பட்டனை நான் பத்து நிமிஷம் போராடிப் போட்டால், அவள் ஒரே இழுப்பில் பிய்த்துவிடுவாள். கோமளா சிரித்துச் சிரித்து மாய்ந்துபோனாள். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

பங்குனியில் இருவரும் சுவரைப் பிடித்து நின்றோம். அதோடு சரி. காலில் பலம் வந்துவிட்டது, ஆனால் சுவரை விட்டு ஓர் அடி வைக்க முடியவில்லை. தரையோடு ஆணி அடித்த மாதிரி கால் நின்றுவிடும். நானும் விடமாட்டேன், அவளும் விடமாட்டாள். இனி இவ்வளவுதான் என்று மறுபடி மனசு விட்டுப்போயிற்று.

ஒரு நாள் காலை பார்த்தா மூன்று பேரோடு வந்தான். எதிர் வீட்டு ராகவய்யா தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்ட மூங்கில்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

“இன்னாபா, சுவரு உழுந்துடும்னு முட்டு குடுத்துக்கினு நிக்கிறியா?” என்றான் பார்த்தா. நான் பதில் சொல்வதற்குள் நான்கு பேரும் என்னைத் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருவன் போய் ராகவய்யாவின் நீள மூங்கிலைத் தூக்கி வந்தான். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் நான். மடித்த துண்டும் மூங்கிலும் என் தோளில் உரசியதுமே உடம்பு சிலிர்த்தது.

பார்த்தா, “ம்” என்றான்.

என் இடது கால் போயிற்று! நான் போகச் சொல்லவில்லை, தானாகப் போயிற்று. அப்புறம் வலது. உடம்பு பழையபடி ஆடியது. “யோவ், பாவு போடணும்யா, மூங்கில குடுங்கய்யா!” என்று ராகவய்யா பின்னாலேயே ஓடி வந்தார். தெருமுனை வரை போய்த் திரும்பினோம். வாசலில் கோமளா, “ஐயோ, கொழந்தைய பாருங்க!” என்று கூவினாள். வேதா சுவரை விட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் ஆடி ஆடி மூன்று அடி வைத்துப் பொத்தென்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் நடக்கக் கிளம்பும்போதெல்லாம் முதலில் “ம்” என்பாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியாபா, இன்னும் என்னால தூக்க முடியுது!” என்றேன்.

பார்த்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “நீ எங்கபா தூக்கின? ரெண்டு கையும் மூங்கில்ல மாட்டித் தொங்கிக்கினு வந்த. நாங்க நாலு பேரும் உன்னியதான் தூக்கிக்கினு வந்தோம்.”

அவனுக்கு என் பிரார்த்தனை தெரியாது. என் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. உள்ளே பார்த்தேன். படத்தில் அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். அன்றைக்கு இந்தக் கோபக்காரன் வாய்மூடிக் கும்பிட்டேன்.

தினமும் அந்த மூங்கிலோடு நடந்தோம். தொங்குவது குறைந்து, பிடிப்பது குறைந்து, வைகாசியில் கருட சேவைக்கு ஒரு கைத்தடியோடு என் சொந்தக் காலில் நின்று சேவித்தேன். அடுத்த வருஷம் தோள் கொடுத்தேன்.

இப்போது 2007. எனக்கு ஐம்பது வயது. முட்டி முனகுகிறது, பல்லக்கின் முன்தண்டைச் சின்னவர்களிடம் விட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டேன். முன்பானால் இதற்கும் சண்டை போட்டிருப்பேன். ஒவ்வொரு வயதிலும் கால் புதிதாக ஒரு பாடம் படிக்கிறது, படிக்கட்டும். வேதா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். சைக்கிளும் இரண்டு பக்கமும் ஆடித்தான் போகிறது.

உங்களில் யாராவது இன்று சுவரைப் பிடித்து நின்றால் பெருமாளிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் பரவாயில்லை, அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். எந்த வீட்டு மூங்கிலில் வருவார் என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் “ம்” என்று ஒரு குரல் கேட்கும். கேட்டதும் சுவரை விட்டுவிடுங்கள்.